கால் மிதிக்கிறது, கியர்பாக்ஸ் முடிவெடுக்கிறது

கேம்ரி, அக்கார்டு, மாஸ்டா 6, சொனாட்டா, பசாட் என்று நடுத்தர செடான் ரகத்தில் எதை ஓட்டியவரைக் கேட்டாலும் பேச்சு இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கும். "நல்லா ஸ்மூத்தா போகுது" என்பார். இல்லாவிட்டால், "இந்த சைஸுக்கு இழுவை பத்தாது" என்பார். பாராட்டோ குறையோ, இன்ஜின் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். ஆனால் சிங்கப்பூரில் நாம் ஓட்டும் வேகத்தில் இரண்டுக்குமே பெரும்பாலும் பொறுப்பு கியர்பாக்ஸ்தான்.

விற்பனைக் கையேட்டில் 0 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை வினாடி என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். இங்கே சாதாரணச் சாலையில் வேக வரம்பு 50. விரைவுச்சாலையில் 70இலிருந்து 90 வரை. சட்டப்படி 100ஐத் தொட இந்தத் தீவில் ஒரு சாலைகூட இல்லை. ஆக, அந்த எண்ணை வைத்து நம் ஊர் ஓட்டத்தைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. கார் உண்மையில் எப்படிப்பட்டது என்று தெரிவது வேறு இடங்களில்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி கார் நிறுத்துமிடத்தின் ஏற்றம், தீபாவளி நேரத்துச் சிராங்கூன் சாலை, தீவு விரைவுச்சாலைக்குள் நுழையும் குட்டையான இணைப்புப் பாதை, அப்புறம் ஜோகூருக்குப் போகும் உட்லண்ட்ஸ் கடற்பாலம்.

காசு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். நடுத்தர செடான்கள் பெரும்பாலும் சிஓஇ எனும் கார் உரிமைச் சான்றிதழின் 'பி' பிரிவில்தான் வரும். பெட்ரோல் கார் 'ஏ' பிரிவுக்குள் நிற்க வேண்டுமானால் இன்ஜின் 1,600 சிசிக்குள் இருக்க வேண்டும். 2014இலிருந்து சக்தியும் 97 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது. 2023 அக்டோபரில் 'பி' பிரிவுக் கட்டணம் 150,001 வெள்ளியைத் தொட்டது. காரின் விலை அதில் இல்லை, 10 ஆண்டு வைத்துக்கொள்ளும் உரிமைக்கு மட்டுமே அவ்வளவு. இத்தனை பணம் போட்டு வாங்குகிற வண்டியை லெங் கீ சாலைக் காட்சியறையிலிருந்து கிளப்பி, அலெக்சாண்ட்ரா பக்கம் ஒரு வட்டம் அடித்துவிட்டு முடிவு செய்கிறோம். அந்த வட்டத்தில் எல்லாக் காரும் நன்றாகத்தான் ஓடும்.

ஆட்டோ கியர் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருக்கும் இயந்திரங்கள் வேறு வேறு. பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று வெளியே ஒரே மாதிரி எழுதியிருப்பதால் வித்தியாசம் கண்ணில் படுவதில்லை. மிகப் பழையது டார்க் கன்வெர்ட்டர் வகை. எண்ணெய் நிறைந்த கூட்டுக்குள் எதிரெதிரே இரண்டு இறக்கைச் சக்கரங்கள். இன்ஜின் ஒன்றைச் சுழற்றுகிறது, அது எண்ணெயை வீசியடிக்கிறது, அந்த எண்ணெய் மற்றதைச் சுழற்றுகிறது. நடுவில் இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. 1905இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோட்டிங்கர் இதற்குக் காப்புரிமை வாங்கியபோது அவர் மனதில் இருந்தது கப்பல். காருக்குள் திரவ இணைப்போடு முழு ஆட்டோ கியர் பெருமளவில் வந்தது 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைலில், ஹைட்ராமேட்டிக் என்ற பெயரில்.

வீவக கார் நிறுத்துமிடத்தில் இந்தப் பழைய ஏற்பாட்டின் அருமை தெரியும். முன்னால் ஒருவர் கட்டம் தேடி ஊர்ந்துகொண்டிருக்கிறார், நாம் பாதி ஏற்றத்தில் நிற்கிறோம். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் கார் தானாக மெல்ல நகரும்; ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் எண்ணெய்ச் சுழற்சி இன்ஜினின் முறுக்குவிசையை ஏறத்தாழ இரு மடங்காக்கிச் சக்கரத்துக்கு அனுப்பும். ஒன்றரை டன் வண்டி முனகாமல் ஏறும். வழுக்கலில் வீணாகும் சக்தி சூடாக மாறி எண்ணெய்க்குள் போகிறது என்பதுதான் இதில் நஷ்டம். அதனால் வேகம் சற்றுக் கூடியதும் உள்ளே ஒரு பூட்டு கிளட்ச் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். மாஸ்டா 6இன் ஆறு கியர் பெட்டி நடைவேகத்தைத் தாண்டியதுமே பூட்டிக்கொள்கிறது. அந்தக் காரை ஓட்டியவர்கள் "மேனுவல் மாதிரி நேரடியா இருக்கு" என்று சொல்வதன் காரணம் இதுதான், இன்ஜின் அல்ல.

இரட்டை கிளட்ச் பெட்டி இதற்கு நேர் எதிர். 2003இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 காரில் வந்த டிஎஸ்ஜி இந்த வகையைப் பிரபலமாக்கியது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. அடுத்த கியர் ஏற்கெனவே தயாராக நிற்பதால் கண்ணிமைக்கும் நேரத்தில் மாறும். ஐரோப்பிய நெடுஞ்சாலைக்கு அற்புதமான ஏற்பாடு. கார் நிறுத்துமிட ஏற்றத்தில் கதையே வேறு. இங்கே எண்ணெய்ச் சக்கரம் கிடையாது; ஊர்வதென்றால் கிளட்ச் பாதி உரசிக்கொண்டே நிற்க வேண்டும். மேனுவல் கார் ஓட்டியவருக்கு அந்தக் கருகல் வாசனை நினைவிருக்கும். எண்ணெயில் ஊறிய கிளட்ச் என்றால் சூட்டை ஓரளவு தாங்கும். உலர் கிளட்ச் தாங்காது. ஒரு சிறு தயக்கம், அப்புறம் ஒரு குலுக்கல் என்று பதில் சொல்லும். 2013இல் சீனாவில் ஃபோக்ஸ்வாகன் 384,000க்கும் மேற்பட்ட கார்களை டிஎஸ்ஜி கோளாறுக்காகத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு இந்த வகை நிறையத் தேறியிருக்கிறது. இருந்தும் வெப்பமும் நெரிசலும் சேர்ந்த நம் ஊருக்கு, உலர் கிளட்ச் வகையைப் பழைய கார் சந்தையில் யாராவது மலிவாகக் கொடுத்தாலும் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

நிறுத்தும் கட்டத்தையும் மறக்கக்கூடாது. விதிப்படி ஒரு கட்டத்தின் குறைந்தபட்ச அளவு 4.8 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். போன தலைமுறை கேம்ரியின் நீளம் 4.885 மீட்டர். மூக்கோ வாலோ ஒன்று கோட்டுக்கு வெளியேதான் நிற்கும். பின்னோக்கி எடுக்கும் கடைசி அரை மீட்டரை ஆக்ஸிலரேட்டர் தொடாமல், பிரேக்கை மட்டும் இளக்கி இளக்கி ஓட்ட முடிகிறதா என்பதை எந்தச் சோதனை அறிக்கையும் எழுதுவதில்லை. வீட்டுக்கு வரும் ஒவ்வொரு நாளும் நாம் செய்யும் வேலை அது.

இனி இணைப்புப் பாதைக்கு வருவோம். மணிக்கு 40இல் வளைந்து வந்து, தீவு விரைவுச்சாலையில் 80இல் போகும் கார்களுக்கு நடுவே நுழைய வேண்டும். இடம் கொஞ்சம்தான். கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறது, கார் ஒரு கணம் சும்மா இருக்கிறது, அப்புறம் உறுமிக்கொண்டு பாய்கிறது. அந்த ஒரு கணம்தான் "இழுவை பத்தாது" என்ற தீர்ப்பு பிறக்கும் இடம். நடந்தது என்னவென்றால், எரிபொருளை மிச்சப்படுத்த எட்டு கியர் பெட்டி 50இலேயே நாலாவதுக்கோ ஐந்தாவதுக்கோ ஏறி, இன்ஜினை ஆயிரத்துச் சொச்சம் சுற்றில் தூங்க வைத்திருக்கும். நாம் அழுத்தியதும் இரண்டு மூன்று கியர் இறங்கி, இன்ஜினை எழுப்பி, பிறகுதான் இழுக்க முடியும். கேம்ரியின் 2.5 லிட்டர் இன்ஜினிடம் சக்தி இல்லாமல் இல்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டிய பெட்டிதான் தாமதமாக வருகிறது. இணைப்புப் பாதையில் நுழையும் முன்பே ஸ்போர்ட் மோடைத் தட்டிவிட்டால் பெட்டி கீழ் கியரில் காத்திருக்கும், தயக்கம் காணாமல் போகும். ஸ்போர்ட் மோடுக்கு இங்கே இதைவிட நல்ல வேலை கிடையாது. 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ ஓடிய பழைய அப்பர் தாம்சன் சாலையில்கூட இன்று குரங்குகளுக்கு வழிவிட்டுத்தான் போக வேண்டும்.

அதே இணைப்புப் பாதையில் சிவிடி எனும் படிகளில்லாத ஆட்டோ கியர் இன்னொரு விதமாக ஏமாற்றும். டச்சு நிறுவனம் டாஃப் 1958இல் ரப்பர் பெல்ட்டோடு காருக்குள் கொண்டுவந்தது. இன்று எஃகுப் பெல்ட்டும், விரிந்து சுருங்கும் இரண்டு உருளைகளும். நிசான் டியானாவிலும், 1.5 டர்போ அக்கார்டிலும், ஒரு படி சின்னதான ஆல்டிஸ், அவான்டே கார்களிலும் பார்த்திருப்பீர்கள். கியர் என்று தனித்தனிப் படிகள் இல்லாததால், முழுச் சக்தி வேண்டுமென்றால் இன்ஜினை நேராக அதன் உச்சச் சுற்றுக்குக் கொண்டுபோய் அங்கேயே வைத்துவிடும். ஓசை முதலில் ஏறிவிடுகிறது, வேகம் பின்னால் வருகிறது. காதுக்கு இது "இன்ஜின் கத்துது, கார் போகலை" என்று படும். கடிகாரம் வைத்துப் பார்த்தால் பல நேரம் கார் நன்றாகத்தான் போயிருக்கும். ஓட்டுநர்களின் காதைச் சமாதானப்படுத்தவே தயாரிப்பாளர்கள் சிவிடிக்குள் பொய்யாகப் படிகளை வைத்து, கியர் மாறுவது போல் நடிக்க வைக்கிறார்கள். பொறியியல்ரீதியாக அது ஒரு படி பின்னே போவதுதான். இருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை மறைக்க முடியவில்லை.

'ஏ' பிரிவின் 97 கிலோவாட் வரம்பு செய்த ஒரு விசித்திரத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். உச்ச சக்தி என்பது இன்ஜின் வேகமாகச் சுழலும்போது வருவது. சின்ன டர்போ இன்ஜினிலோ முறுக்குவிசை 1,500 சுற்றுப் பக்கமே முழுதாக வந்து நிற்கும். எனவே வரம்புக்காக மேல்பக்கத்தை வெட்டிவிட்ட டர்போ கார், 50 கிலோமீட்டர் ஊருக்குள் பெரிய இன்ஜின் போல் நடந்துகொள்ளும். நல்ல கியர்பாக்ஸ் கிடைத்துவிட்டால் 'பி' பிரிவுக்காரர் பக்கத்து விளக்கில் நின்று பொறாமைப்படக்கூட வாய்ப்பு உண்டு. ஜோகூரைத் தாண்டி 110இல் லாரியை முந்தும்போதுதான் வெட்டுப்பட்ட பகுதி தேவைப்படும்.

டாக்சியில் தலைசுற்றல் வந்தவர்களுக்காக ஒரு குறிப்பு. சில ஓட்டுநர்கள் ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு மிதிப்பார்கள். எரிபொருள் மிச்சம் என்று ஒரு நம்பிக்கை. காலை எடுத்ததும் பெட்டி மேல் கியருக்குப் போகும், பூட்டு கிளட்ச் விலகும். மிதித்ததும் கீழே இறங்கும், மறுபடி பூட்டும். ஒவ்வொரு முறையும் உடம்பு முன்னும் பின்னும் ஆடும். மிச்சமாவதும் பெரிதாக ஒன்றுமில்லை, இழந்த வேகத்தை மீட்க அதே பெட்ரோல் செலவாகிவிடும். பின்னிருக்கையில் இருப்பவருக்கு அது காரின் குணமாகத் தெரிகிறது, பாவம் கார்.

கடற்பாலம்தான் எனக்கு முக்கியமான தேர்வு. 1924இல் திறந்த பாலம், நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். விடுமுறைக் காலத்தில் அதைக் கடக்க மணிக்கணக்கில் ஆகும். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குக் குடும்பத்தோடு கிளம்புபவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வெளியே 32 டிகிரி, உள்ளே ஐந்து பேர், ஏர்கான் முழு வேகத்தில். சாதாரண பெட்ரோல் காரில் ஏர்கான் கம்ப்ரஸரை இன்ஜின்தான் பெல்ட் போட்டுச் சுழற்றுகிறது. நின்றதும் இன்ஜினை அணைக்கும் வசதி வேலை செய்தால் குளிர் குறைந்து புழுங்கும். அதை நிறுத்தி வைத்தால் நின்ற இடத்தில் பெட்ரோல் எரியும். டார்க் கன்வெர்ட்டர் எண்ணெய் சூடாகும், இரட்டை கிளட்ச் உரசும்.

ஹைபிரிட் கேம்ரி தனித்து நிற்பது இந்த இடத்தில். 1997இல் டொயோட்டா பிரியஸில் வந்த ஏற்பாடுதான் அதற்குள்ளும் இருக்கிறது: ஒரு கோள்கியர் தொகுதி, இரண்டு மின்மோட்டார், ஒரு இன்ஜின். டார்க் கன்வெர்ட்டர் இல்லை, பெல்ட் இல்லை, கியர் மாற்றும் கிளட்ச் இல்லை. இ-சிவிடி என்று பெயர் வைத்திருந்தாலும் மேலே சொன்ன சிவிடியோடு இதற்கு உறவே கிடையாது. நெரிசலில் மோட்டார் மட்டும் காரை நகர்த்தும், இன்ஜின் அணைந்திருக்கும், கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் குளிர் குறையாது. பேட்டரி இறங்கினால் இன்ஜின் தானாக எழுந்து சற்று நேரம் ஓடிவிட்டு மறுபடி அடங்கும். உரசித் தேய ஒன்றும் இல்லை என்பதால் எத்தனை மணி நேரம் ஊர்ந்தாலும் பெட்டிக்கு வலிக்காது. தனியார் வாடகைக் கார் ஓட்டுபவர்கள் ஹைபிரிட் பக்கம் சாய்ந்ததற்குப் பெட்ரோல் செலவு முதல் காரணம். நாள் முழுக்க ஓட்டியும் கால் வலிக்காமல் வீடு திரும்புவது அடுத்தது என்று நினைக்கிறேன்.

சிக்னலில் நியூட்ரலுக்கு மாற்றும் பழக்கம் நம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. "பெட்டிக்கு ஓய்வு கொடுக்கணும் தம்பி" என்பார்கள். பழைய நாலு கியர் கார்களில் அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. இன்றைய பெட்டிகள் பலவற்றில் பிரேக்கை அழுத்தி நின்றாலே உள்ளே சுமை விலகிவிடும். இரட்டை கிளட்ச் பெட்டி கிளட்சைத் திறந்துவிடும். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நியூட்ரலுக்கும் டிரைவுக்கும் மாற்றிக்கொண்டிருந்தால் அந்த மாற்றமே தேய்மானம். நீண்ட நேரம் நிற்கிறதென்றால் பார்க்கில் போட்டுவிடலாம்.

எல்லைக்கு அப்பால் தீர்ப்புகள் கொஞ்சம் புரளும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் வேக வரம்பு 110. இங்கே பெரும்பாலும் சும்மா இருக்கும் எட்டாவது கியருக்கு அங்கேதான் முழுநேர வேலை. டார்க் கன்வெர்ட்டர் பூட்டிய நிலையிலேயே ஓடும், இரட்டை கிளட்ச் பெட்டி தன் புகழுக்கு ஏற்றபடி நடந்துகொள்ளும். ஹைபிரிட் கேம்ரி நீண்ட ஏற்றத்தில் இன்ஜினை உயர்த்திப் பிடித்து இரைச்சலிடும். அக்கார்டின் ஹைபிரிட் வேறு வழி பிடிக்கிறது: ஊருக்குள் மோட்டாரில் ஓடிவிட்டு, நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் மூலம் இன்ஜினைச் சக்கரத்தோடு நேரடியாக இணைத்துவிடும்.

கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது கியர்பாக்ஸை நாமே கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். டிரைவில் விட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பல பெட்டிகள் சுமை இல்லை என்று நினைத்து மேல் கியருக்குப் போய்விடும். இன்ஜின் பிடிமானம் போய், முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறி, மிதி மென்மையாகி, பிடிப்பு குறையும். மலையடிவாரத்தில் அந்த நாற்றம் எப்போதும் யாருடைய காரிலிருந்தாவது வந்துகொண்டிருக்கும். கையால் மாற்றும் வசதி இருந்தால் இரண்டாவது, மூன்றாவது கியர், சிவிடியில் 'எல்', டொயோட்டா ஹைபிரிட்களில் மாடலைப் பொறுத்து 'பி' அல்லது 'எஸ்'. ஹைபிரிட் இறக்கத்தில் பேட்டரியை நிரப்பிக்கொண்டே இறங்கும் என்பது உண்மை, ஆனால் அந்தச் சின்னப் பேட்டரி மலை முடியும் முன்பே நிரம்பிவிடும். அதற்குப் பிறகு இன்ஜினை வெறுமனே சுழற்றித்தான் வேகத்தைத் தின்ன வேண்டும், அதற்காக வைத்திருப்பதுதான் 'பி'. நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குவதை மட்டும் எந்தக் காரிலும் செய்யாதீர்கள்.

மின்சார செடான்களில் இந்தப் பேச்சே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. டெஸ்லா மாடல் 3, பிஒய்டி சீல் இரண்டிலும் ஒரே ஒரு வேகக்குறைப்பு கியர்தான். மாறுவதற்கு ஒன்றும் இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் ஊர வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பதைக்கூட டெஸ்லாவில் திரையில் தேர்ந்தெடுக்கலாம். டார்க் கன்வெர்ட்டரின் ஊர்தலை மென்பொருள் எழுதி வரவழைக்கிறார்கள். 2022 மே முதல் மின்காருக்கு 'ஏ' பிரிவு வரம்பு 110 கிலோவாட் ஆனது; அதற்குள் அடங்கும்படியே மாடல் 3 வகை ஒன்றை டெஸ்லா இங்கே கொண்டுவந்தது. 2030இலிருந்து புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும். ஹைபிரிட்டும் அந்தக் கணக்கில் உண்டு என்பதால் கியர்பாக்ஸ் உடனே மறைந்துவிடாது.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் கியர் எண்ணெயைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். "ஆயுளுக்கும் மாற்ற வேண்டியதில்லை" என்ற பேச்சை நம்ப வேண்டாம். எட்டு கியர் பெட்டிகளுக்குப் பேர்போன ஜெர்மானிய நிறுவனம் இசட்எஃப், தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டில் எண்ணெய் மாற்றச் சொல்கிறது. ஐந்தாறு வருடம் நெரிசலில் ஊர்ந்த காருக்கு அதைவிட முன்பே மாற்றுவது நல்லது. உபியிலோ சின் மிங்கிலோ பட்டறைக்குக் கொண்டுபோய் எண்ணெயின் நிறத்தையும் வாசனையையும் பார்க்கச் சொன்னால், மீட்டர் காட்டும் கிலோமீட்டரைவிட அதிகம் தெரிந்துவிடும். கறுத்துக் கருகல் வாசனை அடித்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடலாம்.

புதுக் கார் பார்க்கப் போனால் விற்பனையாளரிடம் விரைவுச்சாலையோடு ஒரு பலமாடி நிறுத்துமிடத்துக்கும் போகலாம் என்று சொல்லுங்கள். ஏற்றத்தின் பாதியில் முழுதாக நிறுத்தி, மூன்று எண்ணிவிட்டு, மறுபடி கிளப்புங்கள். கட்டத்துக்குள் பின்னோக்கி எடுங்கள். ஏர்கானை முழுதாக வைத்து, நகர்ந்து நின்று நகர்ந்து நின்று ஒரு பத்து நிமிடம் ஓட்டுங்கள். பின்னிருக்கையில் வீட்டில் ஒருவரை உட்கார வைத்துக்கொள்வதும் நல்லது. ஓட்டுபவருக்குத் தெரியாத குலுக்கல் அவருக்குத் தெரியும்.